டூட்டி மாறும்போது சொல்ல வேண்டியது

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி தன் மின்சார ஸ்கூட்டரை வாசலில் வைத்து ஹெல்மெட் மாட்டிக்கொண்டிருந்தான். திரையில் 'புதிய மென்பொருள் வந்திருக்கிறது, இப்போது நிறுவலாமா?' என்று ஒரு கேள்வி. 'அப்புறம்' என்பதைத் தொட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா அதைக் கவனித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"ஏங்கண்ணு, இதெல்லாம் வண்டி ஓடறப்பவே மாத்திருவாங்களா?"

"இல்லீங்கப்பா, நிறுத்தினப்புறந்தான்."

"நிறுத்திட்டு மாத்தறதுல என்ன செரமம்? அதுக்கா நீ ராத்திரி பத்து மணி வரைக்கும் ஆபீஸ்ல உக்காந்திருக்கறே?"

அந்த நேரத்தில் எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. ஒரு வாரமாக யோசித்ததை இங்கே எழுதுகிறேன். அப்பா இதைப் படிப்பார். அவருக்காகவே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளலாம்.

அப்பா முப்பத்தொரு வருடம் அரசு பஸ் ஓட்டியவர். அதில் பெரும்பகுதி மேட்டுப்பாளையம் – ஊட்டி. பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அதனால் டூட்டி மாறுவதை நிறைய தடவை பார்த்திருக்கிறேன். அப்பா வண்டியை ஸ்டாண்டில் அதன் இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு இறங்குவார். அடுத்த டிரைவர் ஏறுவதற்கு முன்னால் கீழே நின்று சொல்வார்: "மூணாவது கியர் கொஞ்சம் இழுத்துப் போடோணும். காலையில ஏர் ஏற நேரமாகுது, பொறுத்து எடுங்க. எறக்கத்துல லேசா இடது பக்கம் இழுக்குது, புடிச்சுக்குங்க." அதோடு வீட்டுக்குக் கிளம்ப மாட்டார். புது டிரைவர் உட்கார்ந்து, பிரேக்கை இரண்டு தடவை மிதித்துப் பார்த்து, வண்டி நகர்ந்து கேட்டைத் தாண்டும் வரை அங்கேயே நிற்பார். பசிக்கிறது என்று நான் கையைப் பிடித்து இழுத்தாலும் அசைய மாட்டார்.

நான் இப்போது செய்கிற வேலை அதேதான்.

கார்களில் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் மின்மோட்டார் ஒன்று உண்டு. அதை ஆட்டுவிக்கும் சின்னக் கணினியை ஈசியு என்போம். பதினொரு வருடமாக அதற்கு மென்பொருள் எழுதுகிறேன், கடைசி ஆறு வருடமாகப் பூட்லோடர் மட்டும். பூட்லோடர் என்றால் ஈசியு விழித்தவுடன் முதலில் ஓடுகிற சிறு நிரல். புது மென்பொருளை வாங்குவது, சரிபார்ப்பது, எழுதுவது, எதை ஓட்டுவது என்று முடிவெடுப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மற்ற எதுவும் கெட்டாலும் இது கெடக் கூடாது. அதனால் புதுப்பிப்பில் பூட்லோடரை நாங்கள் தொடுவதே இல்லை.

ஸ்டீயரிங் தண்டின் நடுவில் ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது. ஓட்டுபவர் திருப்பும்போது அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதை வைத்து அவர் எவ்வளவு பலம் போடுகிறார் என்று தெரிந்துகொள்கிறோம். ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை அதைப் படித்து, வண்டியின் வேகத்தையும் பார்த்து, மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்று கணக்கிடுவோம். மோட்டாருக்குள் போகும் மின்னோட்டம் அதைவிடப் பல மடங்கு வேகமாகத் திருத்தப்படுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் மில்லி விநாடிக்கு 2 சென்டிமீட்டர் நகரும், ஒரு விநாடியில் 22 மீட்டர். ஈசியு ஒருமுறை அணைந்து மறுபடி எழ அரை விநாடி எடுத்துக்கொண்டால் 11 மீட்டருக்கு உதவி இல்லை. நேர்ச்சாலையில் ஓட்டுபவருக்கு அது தெரியாமலே போகலாம். பர்லியார் தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில், பாதி திருப்பிய நிலையில், கை திடீரென்று கனத்தால்?

ஓடும் வண்டியில் மென்பொருளை மாற்றுவது என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அழித்து அதே இடத்தில் எப்படி எழுதுவது என்பது. இதற்கு விடை கிடைத்துவிட்டது. பழைய சில்லுகளில், நிரல் பதிந்திருக்கும் ஃபிளாஷ் நினைவகம் ஒரே துண்டு. அதை அழிக்கும் நேரத்தில் அதிலிருந்து எதையும் படிக்க முடியாது, ஆகவே நிரல் ஓட முடியாது. இப்போது வரும் சில்லுகளில், உதாரணத்துக்கு இன்ஃபினியனின் ஆரிக்ஸ் டிசி3 வரிசையில், ஃபிளாஷை இரண்டு பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பாதியிலிருந்து ஸ்டீயரிங் ஓடிக்கொண்டிருக்கும், மறு பாதியில் புதியதை நிதானமாக எழுதலாம். எழுதி முடித்துச் சரிபார்த்த பிறகு, அடுத்த முறை எழும்போது எந்தப் பாதியிலிருந்து எழ வேண்டும் என்று ஒரு குறிப்பை மாற்றினால் போதும்.

அந்த நிதானமும் தேவைதான். வண்டிக்குள் ஈசியுக்கள் பேசிக்கொள்ளும் கேன் கம்பியில் விநாடிக்கு 5 லட்சம் பிட் போகும். ஒரு செய்தியில் 8 பைட், அதிலும் ஒன்று வரிசை எண்ணுக்குப் போய்விடும். கம்பி முழுவதையும் எனக்கே கொடுத்தால் 2 மெகாபைட் நிரல் ஒன்றேகால் நிமிடத்தில் வந்து சேரும். ஆனால் ஓடும் வண்டியில் அதே கம்பியில் பிரேக்கும் எஞ்சினும் பேசிக்கொண்டிருக்கின்றன. அவர்களைத் தொந்தரவு செய்யாமல் பத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துக்கொண்டால் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆகட்டும். வண்டி எப்படியும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அவசரமில்லை.

செரமம் அதற்கப்புறம் வருகிறது அப்பா. டூட்டி மாறும் அந்த ஒரு நொடியில்.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சோதனை ஓட்டம். வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருடம். மூடிய சோதனைத் தடத்தில் வண்டி, பக்கத்து இருக்கையில் மடிக்கணினியோடு நான். ஸ்டீயரிங் எவ்வளவு லேசாக இருக்க வேண்டும் என்பதை ஓட்டிக்கொண்டே அட்டவணையில் மாற்றி மாற்றிப் பார்ப்போம். இதற்கென்றே எக்ஸ்சிபி என்று ஒரு நெறிமுறை உண்டு, உலகம் முழுவதும் காலிப்ரேஷன், அதாவது இப்படி அளவுகளைச் சரிப்படுத்தும் வேலை, செய்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். அட்டவணையில் இரண்டு வரிசை. ஒன்றில் வண்டியின் வேகங்கள், மற்றொன்றில் அந்தந்த வேகத்துக்கு எவ்வளவு உதவி. நிறுத்தும் வேகத்தில் நிறைய உதவி, நெடுஞ்சாலை வேகத்தில் குறைவு. நான் இரண்டு வரிசையையும் மாற்றி 'அனுப்பு' என்று கொடுத்தேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். ஸ்டீயரிங் ஒரு கணம் எடையே இல்லாமல் போய், வண்டி தடத்தின் ஓரத்தை நோக்கிப் பாய்ந்தது. ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் இருபது வருட அனுபவம் உள்ளவர். பிடித்து நேராக்கி, ஓரம் கட்டி நிறுத்தி, சாவியை அணைத்துவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா மாத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். என்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

நடந்தது இதுதான். நான் அனுப்பியது கேன் கம்பியில் சிறுசிறு துண்டுகளாகப் போயிருக்கிறது. வேக வரிசை முதலில் மாறிவிட்டது. உதவி வரிசை சற்றுக் கழித்து மாறியது. நடுவில் ஓடிய கணக்கு, புது வேகங்களையும் பழைய உதவிகளையும் சேர்த்துப் படித்தது. 40 கிலோமீட்டர் வேகத்துக்கு, வண்டியை நிறுத்தும்போது கொடுக்க வேண்டிய உதவியைக் கொடுத்துவிட்டது. பழைய அட்டவணை சரி, புதியதும் சரி. இரண்டும் கலந்த அந்தச் சிறு இடைவெளிக்கு யாரும் பொறுப்பெடுக்கவில்லை.

இதற்கான மருந்து அந்த நெறிமுறையிலேயே இருக்கிறது. அட்டவணைக்கு இரண்டு பக்கம் வைத்துக்கொண்டு, பயன்பாட்டில் இல்லாத பக்கத்தில் முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, ஒரே அடியில் பக்கத்தைப் புரட்ட வேண்டும். அந்த ஒரு அடியும் ஒரு சுற்றுக் கணக்கு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் விழ வேண்டும். ராம் நினைவகம் போதவில்லை என்று அந்தத் திட்டத்தில் ஒரு பக்கத்தோடு விட்டிருந்தோம். அன்றைக்கு மாலையே இன்னொரு பக்கத்துக்கு இடம் கண்டுபிடித்தோம். தேடினால் கிடைக்கக்கூடிய இடம்தான்.

பக்கம் புரட்டியாகிவிட்டது, புதியதும் பழையதும் கலக்கவில்லை. அத்துடன் முடிந்ததா என்றால், இல்லை. புது டிரைவருக்கு யார் விவரம் சொல்வது?

தொப்பூர் கணவாயில் சேலத்திலிருந்து தருமபுரிக்கு ஏறுகிறோம், வேகத்தைத் தானாக ஒரே அளவில் பிடித்து வைக்கும் குரூஸ் கண்ட்ரோல் 60-ல் வைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய, அந்தக் கட்டுப்படுத்தி பிழையை, அதாவது வேண்டிய வேகத்துக்கும் இருக்கும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, சிறிதுசிறிதாகக் கூட்டி வைத்துக்கொண்டே வரும். அந்தக் கூட்டுத்தொகைதான் ஏற்றத்தில் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும் இழுவிசை. ஏற்றம் இருக்கிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ஓடி ஓடித் தானாகக் கற்றுக்கொண்டது. இப்போது நடுவழியில் அதைவிட நல்ல ஒரு கட்டுப்படுத்தியை மாட்டினால், அதன் கூட்டுத்தொகை பூஜ்யத்தில் தொடங்கும். இழுவிசை சட்டென்று விழும். வண்டி தயங்கும், பின்னால் வரும் லாரி தயங்காது. புதியது பழையதைவிட எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், பழையது கற்று வைத்திருந்ததை வாங்கிக்கொள்ளாமல் உட்கார்ந்தால் முதல் சில விநாடிக்கு அது மோசமான டிரைவர்தான்.

அனல்மின் நிலையங்களிலும் சர்க்கரை ஆலைகளிலும் பாய்லரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இது காலங்காலமாகத் தெரியும். கையால் இயக்குவதிலிருந்து தானியங்கிக்கு மாறும்போது வால்வு குதிக்கக் கூடாது. அதற்காக, மாறும் கணத்தில் பழைய வெளியீடு எவ்வளவோ அதே வெளியீடு வரும்படி புதியதன் கூட்டுத்தொகையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு வைப்பார்கள். குலுங்காமல் கைமாற்றுவது. நாங்கள் செய்வதும் அதுவே. புதியதற்கு, உணரியின் அளவீட்டில் வரும் இரைச்சலைக் குறைக்கும் வடிகட்டிக் கணக்குகள் இரண்டு மூன்று கூடுதலாக இருந்தால் ஒவ்வொன்றின் உள்நிலையையும் பழையதிலிருந்து பெயர்த்துக் கொடுக்க வேண்டும். பழையதில் இல்லாத ஒன்று புதியதில் இருந்தால் அதற்கு என்ன தொடக்க மதிப்பு? எங்கள் கூட்டங்களில் அதிக நேரம் பிடிக்கும் கேள்வி இது. ஒவ்வொரு மாறியையும் தனித்தனியாக உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

முழு நம்பிக்கை வரும் வரை புதியதைப் பின்னிருக்கையில் உட்காரவைப்பதும் உண்டு. அதே உணரிகளைப் படிக்கும், அதே கணக்கைச் செய்யும், ஆனால் அதன் விடை மோட்டாருக்குப் போகாது. பழையது சொன்னதும் புதியது சொன்னதும் எங்கே வேறுபடுகின்றன என்று பதிவு மட்டும் செய்வோம். இதற்குச் செயலியில் நேரம் மிச்சம் இருக்க வேண்டும். ஒரு மில்லி விநாடிக்குள் இரண்டு கணக்கும் முடிய வேண்டும், மோசமான சந்தர்ப்பத்திலும்.

இதைவிட ஒரு படி மேலே யோசித்தவர் லுயி ஷா. 1990-களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் சிம்ப்ளெக்ஸ் என்ற அமைப்பைக் கொண்டுவந்தார்கள். புது நிரலில் பிழையே இருக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது, அதனால் பிழை இருக்கும் என்றே வைத்துக்கொள் என்பது தொடக்கம். பக்கத்தில் எளிய, நன்கு நிரூபிக்கப்பட்ட ஒரு கட்டுப்படுத்தி எப்போதும் விழித்திருக்கும். சிக்கலான புதியது ஓட்டட்டும். அது எளியதால் மீட்க முடியாத எல்லையை நெருங்கினால் உடனே எளியது பிடுங்கிக்கொள்ளும். தலைகீழ் ஊசலை, அதாவது உள்ளங்கையில் குச்சியை நிறுத்துவது மாதிரியான ஒன்றை, அது நின்றுகொண்டிருக்கும்போதே நிரலை மாற்றி மாற்றி விழாமல் காட்டினார்கள். கல்லூரி முடித்த புதிதில் இதைப் படித்தபோது எனக்கு அப்பா கேட் வரை நின்று பார்த்ததுதான் ஞாபகம் வந்தது. எல்லையை எங்கே போடுவது என்பதில் அந்த முறையின் உயிர் இருக்கிறது. மீட்க முடியாத இடத்துக்கு வந்த பிறகு எளியதை எழுப்பிப் பயனில்லை. இன்னும் மீட்க முடிகிற இடத்திலேயே எழுப்ப வேண்டும்.

இவ்வளவும் செய்ய முடியும் என்றான பிறகும் ஸ்டீயரிங், பிரேக் இரண்டிலும் ஓடும் வண்டியில் நிரலைக் கைமாற்றக் கூடாது என்பதே என் உறுதியான நிலை. இறக்குவது, சரிபார்ப்பது, மறுபாதியில் எழுதுவது, பின்னிருக்கையில் உட்காரவைப்பது எல்லாம் ஓடும்போது நடக்கட்டும். கைமாறுவது நின்ற பிறகு. என்னோடு வேலை செய்பவர்களில் சிலர் இதற்கு உடன்படுவதில்லை. விண்கலத்தை நிறுத்த முடியாது, சில ஆலைகளை வருடக்கணக்கில் நிறுத்த முடியாது, அவர்கள் ஓடும்போதே மாற்றுகிறார்களே என்பார்கள். உண்மை. அவர்களுக்கு வேறு வழியில்லை. காருக்கு இருக்கிறது. ஒவ்வொரு ராத்திரியும் அது எங்கேயோ நிற்கிறது.

நிறுத்தத் தெரிந்தவர்கள் விண்வெளியிலும் நிறுத்தித்தான் மாற்றினார்கள். 2012 ஆகஸ்டில் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் இறங்கிய சில நாளில், இறங்குவதற்கான நிரலை எடுத்துவிட்டு, தரையில் ஓட்டுவதற்கான நிரலைப் போட்டார்கள். நான்கு நாள் எடுத்துக்கொண்டார்கள். ஊர்தி இருந்த இடத்திலேயே நின்றது, ஆய்வு வேலைகளை ஒதுக்கி வைத்தார்கள். முதன்மைக் கணினிக்கு முதலில், அதன் மாற்றுக் கணினிக்குப் பிறகு. 'ஒரு நிமிஷ வேலைதானே, எதற்கு நின்றுகொண்டு' என்று யாராவது என்னிடம் சொல்லும்போதெல்லாம் அந்த நான்கு நாளை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் 'நின்றது' என்பதற்கு என்ன பொருள்? இங்கேதான் அப்பாவின் கேள்விக்கு நான் நேராகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 ஜனவரியில் பெய்ஜிங்கின் சாங்ஆன் சாலையில், நெரிசலில் நின்றுகொண்டிருந்த, சீன நிறுவனமான நியோவின் ஈஎஸ்8 மின்சாரக் கார் ஒன்றில் புதுப்பிப்பு தொடங்கிவிட்டது. உள்ளே இருந்தவர்கள் சம்மதத்தைத் தொட்டிருக்கிறார்கள், வண்டி அதை ஏற்றுக்கொண்டது. அதன்பிறகு நகர முடியவில்லை. கண்ணாடியைக்கூட இறக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் நாட்டின் முக்கியச் சாலையில் அப்படியே நின்றது. வேகம் பூஜ்யம் என்பது மட்டும் நிறுத்தம் ஆகாது. பஸ் சிக்னலில் நின்றால் டூட்டி மாற்ற மாட்டார்கள் இல்லையா? ஸ்டாண்டில் அதற்கான இடத்தில் நிற்க வேண்டும்.

வண்டி இதைத் தானாகத் தெரிந்துகொள்ள முடியாது. கியர் பார்க்கில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா, சீட்டில் ஆள் இருக்கிறாரா, கதவு பூட்டியாயிற்றா, பேட்டரி மின்னழுத்தம் புதுப்பிப்பு முடியும் வரை தாங்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஈசியுவிடம் பேசும் யூடிஎஸ் நெறிமுறையில் மறுப்பதற்கென்றே எண்கள் வைத்திருக்கிறார்கள். ஹெக்ஸ் என்ற பதினாறு அடிமான எண்முறையில் 83 என்றால் 'எஞ்சின் ஓடுகிறது, மாட்டேன்'. 88 என்றால் 'வேகம் அதிகம், மாட்டேன்'. 93 என்றால் 'மின்னழுத்தம் குறைவு, மாட்டேன்'. என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த வரிகள் இவை. ஏற்றுக்கொள்ளும் நிரலை எழுதுவதைவிட இந்த மறுப்புகளை எழுதுவதில்தான் நான் அதிக நாள் செலவழிக்கிறேன். சீக்கிரம் முடியட்டும் என்று யாராவது ஒரு நிபந்தனையைத் தளர்த்தச் சொன்னால் எழுத்தில் கேட்பேன்.

ஐக்கிய நாடுகளின் வாகன விதிகளில் ஆர்156 என்பது மென்பொருள் புதுப்பிப்புக்கானது. 2021 ஜனவரியில் அமலுக்கு வந்தது. நம் நாட்டில் இதே பொருளுக்கு ஏஐஎஸ்-190 என்ற வாகனத் தரநிலை. ஆர்156 சொல்வது எளிது: புதுப்பிப்பு தோற்றால் பழையதற்குத் திரும்ப வேண்டும், அல்லது வண்டி பாதுகாப்பான நிலைக்குப் போக வேண்டும். ஓடும்போது நிறுவுவது ஆபத்தாக இருக்கக்கூடும் என்றால், நிறுவி முடியும் வரை வண்டியை ஓட்டவே முடியாதபடி செய்திருக்கிறோம் என்று தயாரிப்பாளர் காட்ட வேண்டும். எவ்வளவு சின்ன வாக்கியங்கள். 'பழையதற்குத் திரும்ப வேண்டும்' என்ற ஒன்று மட்டும் எங்கள் குழுவின் ஒரு முழு வருடத்தைச் சாப்பிட்டது.

ஏனென்றால் வண்டி நிரலை மட்டும் வைத்திருப்பதில்லை. அதற்கு ஞாபகங்களும் உண்டு. ஸ்டீயரிங் நேராக இருக்கும்போது உணரி காட்டும் கோணம் ஒவ்வொரு வண்டிக்கும் கொஞ்சம் மாறும். தயாரிப்பின் கடைசியில் அதை அளந்து எழுதி வைப்பார்கள், ஓட ஓட அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளவும் செய்யும். அந்த எண் நிரல் இருக்கும் இடத்தில் இருப்பதில்லை, தனியாக அழியாத நினைவகத்தில் இருக்கிறது. சில வருடத்துக்கு முன்னால் எங்கள் புதுப் பதிப்பு ஒன்றில் அந்த ஞாபகப் பகுதியில் இன்னொரு எண்ணையும் சேர்த்திருந்தோம். புதுப்பிப்பு ஒழுங்காக முடிந்தது, எல்லாச் சோதனையும் பச்சை. சோதனைக்கு வந்த ஒருவர் வண்டியை எடுத்துப் போய்விட்டு வந்து, "லேசா இடது பக்கம் இழுக்குது" என்றார். புதுப் பதிப்பு ஞாபகப் பகுதியின் அளவு மாறியிருப்பதைப் பார்த்து, கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அந்த எண்ணைத் தூக்கி எறிந்து பூஜ்யத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. வண்டி இத்தனை மாதம் தன்னைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தது போயே போய்விட்டது.

இதைச் சரிசெய்தோம். புதியது பழைய வடிவத்தைப் படித்துத் தன் வடிவத்துக்கு மாற்றி எழுதிக்கொள்ளும்படி செய்தோம். அப்போதுதான் கூட்டத்தில் ஒரு சின்னப் பெண், சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாதவள், கேட்டாள்: "அக்கா, புதுசு மாத்தி எழுதின பிறகு அது தோத்துப்போய் பழசுக்குத் திரும்பினா, பழசுக்கு இதைப் படிக்கத் தெரியுமா?" அறையில் யாரும் பேசவில்லை. தெரியாது. பழையதற்குத் திரும்பும் வழியை எல்லாம் கட்டி வைத்துவிட்டு, திரும்பி வருபவனுக்குப் புரியாத மொழியில் ஞாபகத்தை எழுதி வைத்திருந்தோம். அதன்பிறகு ஒரு விதி போட்டுக்கொண்டோம்: புதியது தேறிவிட்டது என்று உறுதியாகும் வரை பழைய வடிவத்தின் பிரதியைத் தொடக் கூடாது, இரண்டு வடிவத்தையும் பக்கம் பக்கமாக வைத்திருக்க வேண்டும். எப்போது தேறியது என்று சொல்வது? ஒருமுறை எழுந்தால் போதாது. குறிப்பிட்ட தூரம் ஓடியிருக்க வேண்டும், குறிப்பிட்ட முறை அணைந்து எழுந்திருக்க வேண்டும், ஒரு பிழைக்குறியும் விழுந்திருக்கக் கூடாது. பஸ் கேட்டைத் தாண்ட வேண்டும்.

இதெல்லாம் எதற்கு, பழையபடி சர்வீஸ் சென்டரிலேயே மாற்றிக்கொள்ளலாமே என்று அப்பா அடுத்துக் கேட்பார். எனக்கும் ஒரு காலத்தில் அந்த எண்ணம் இருந்தது. 2015-ல் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சார்லி மில்லரும் கிறிஸ் வாலசெக்கும் ஜீப் செரோக்கி ஒன்றைத் தொலைவிலிருந்து கைப்பற்றிக் காட்டியபோது, அமெரிக்காவில் 14 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க வேண்டி வந்தது. திருத்தத்தை யுஎஸ்பி குச்சியில் போட்டு உரிமையாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அப்படி அனுப்பினால் எத்தனை பேர் சொருகுவார்கள்? அதற்கு எதிர்ப்பக்கம், 2018 மே மாதம். டெஸ்லா மாடல் 3 மணிக்கு 60 மைல் வேகத்திலிருந்து நிற்க 152 அடி எடுத்துக்கொள்கிறது என்று கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் அளந்து குறை சொன்னது. சில நாளில் வானலை வழியே புதுப்பிப்பு போனது. அதே வண்டியை மறுபடி அளந்தபோது 133 அடி. ஒருவரும் ஸ்பேனரை எடுக்காமல் 19 அடி குறைந்தது. குறுக்கே ஓடி வரும் ஒரு குழந்தைக்கு அந்த 19 அடி எவ்வளவு பெரியது என்று அப்பாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிரேக்கை அப்படி நல்லதாக்க முடிந்த அதே வழியில் அதைக் கெட்டதாக்கவும் முடியும். அதனால்தான் பத்து மணி வரை உட்கார்ந்திருக்கிறேன்.

இந்த மாதம் எங்கள் மேசையில் நடக்கும் சோதனை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நிஜமான ஸ்டீயரிங் ஈசியு ஒன்றைப் பலகையில் மாட்டி, அதற்குப் போகும் 12 வோல்ட் கம்பியில் ஒரு ரிலே வைத்திருக்கிறோம். புதுப்பிப்பைத் தொடங்குவோம். ரிலே தான் நினைத்த நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும். அழிக்கும்போது, எழுதும்போது, சரிபார்க்கும்போது, கைமாறும் கணத்தில், எப்போது வேண்டுமானாலும். பிறகு மின்சாரம் கொடுத்து, ஈசியு பழையதோ புதியதோ முழுமையான ஒன்றில் எழுகிறதா, ஸ்டீயரிங் நடுக்கோணம் ஞாபகம் இருக்கிறதா என்று பார்ப்போம். ராத்திரி பகலாக ஓடுகிறது. முதல் வாரத்தில் 611-வது துண்டிப்பில் எழவில்லை. 'புதியது முழுமை' என்ற குறிப்புக்கும் 'அடுத்து புதியதில் எழு' என்ற குறிப்புக்கும் நடுவில், ஃபிளாஷில் ஒரு வரி பாதி எழுதப்பட்ட நிலையில் வெட்டியிருக்கிறது. பாதி எழுதிய வரியைப் படித்தவுடன் பிழை கிளம்பி, பூட்லோடர் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு குறிப்பையும் ஒன்றாக்கி, அதற்கு இரண்டு பிரதி வைத்து, படிப்பதற்கு முன் பிழையைத் தாங்கும்படி மாற்றி எழுத ஒன்பது நாள் ஆனது.

போன செவ்வாய்க்கிழமை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினோம். இன்று காலை பார்த்தபோது 2,140. பத்தாயிரம் வரை ஓடட்டும் என்று சொல்லியிருக்கிறேன், அதற்கு முன்னால் இந்தப் பதிப்புக்குக் கையெழுத்து போட மாட்டேன்.

தம்பி நேற்று ராத்திரி வண்டியைப் போர்ட்டிகோவில் நிறுத்தி, சார்ஜரில் போட்டு, 'நிறுவு' என்பதைத் தொட்டுவிட்டுத் தூங்கப் போனானாம். அப்பா திண்ணையிலேயே உட்கார்ந்து, அது முடிந்து திரை மறுபடி எரியும் வரை பார்த்துக்கொண்டிருந்தார் என்று அம்மா போனில் சொன்னாள்.